சூடான் போரை "உள்நாட்டுப் போர்" என்று சொல்லிக் கொடுப்பது சரியா?

வடலி எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சென்ற வாரம் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் அதிகாரங்கள் பற்றிய பாடத்துக்குச் சூடானை உதாரணமாக எடுத்து, 2023 ஏப்ரல் 15ஆம் திகதி தலைநகர் கார்ட்டூமில் தொடங்கிய போரைக் கரும்பலகையில் "உள்நாட்டுப் போர்" என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். பின் வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழும்பி, "ரீச்சர், உள்நாட்டுப் போர் எண்டால் அந்த ட்ரோன் எல்லாம் எங்கயிருந்து வருது?" என்று கேட்டாள். நான் பாடநூலில் உள்ள வரைவிலக்கணத்தைச் சொல்லிச் சமாளித்தேன். சமாளித்தேன் என்பது அவளுக்கும் விளங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்த அளவை முதலில் எழுதிவிடுகிறேன். ஜெனரல் அல்-புர்ஹானின் தலைமையிலான இராணுவமும், ஹெமெட்டி என்று அழைக்கப்படும் முகமது ஹம்டான் டகாலோவின் துரித ஆதரவுப் படையும் 2021 ஒக்டோபரில் சேர்ந்து ஆட்சியைக் கைப்பற்றின. இரண்டாம் படையை முதலாம் படைக்குள் எப்போது, யாருடைய கட்டளையின் கீழ் இணைப்பது என்ற தகராறு முற்றிப் போராக வெடித்தது. போரின் உச்சத்தில் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு ஓடியிருந்தனர். இலங்கையின் மொத்த மக்கள் தொகையில் பாதிக்கும் மேல். இவ்வளவு பெரிய அவலம் எங்கள் நாளேடுகளில் வெளிநாட்டுப் பக்கத்தின் அடியில் நாலு வரியாக வந்து மறைந்துபோகிறது.

என்னிடம் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தப் போரில் கை வைத்திருக்கும் நாடுகள் எவை, அவற்றுக்கு அங்கே என்ன வேலை? அடுத்தது, வெளிநாடு தலையிட வேண்டும் என்று கேட்பதா, தலையிடக் கூடாது என்று கேட்பதா, எது அந்த மக்களுக்கு நியாயமானது? இந்த மண்ணில் இருந்துகொண்டு இரண்டாவது கேள்விக்கு இலகுவாக விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அறிந்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.


நெய்தல் எழுதியது:

வணக்கம் ரீச்சர். உங்கள் மாணவி கேட்டதைத்தான் ஐ.நா.வின் நிபுணர் குழுவும் கேட்டது. சூடானின் மேற்கிலுள்ள டார்பூர் பிராந்தியத்தின் மீதான ஆயுதத் தடையைக் கண்காணிப்பதற்காக 2005ஆம் ஆண்டு 1591ஆம் இலக்கத் தீர்மானத்தால் உருவாக்கப்பட்ட குழு அது. 2024 ஜனவரியில் வெளிவந்த அதன் அறிக்கை, ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து சாட் நாட்டின் கிழக்கிலுள்ள அம்ஜராஸ் விமான நிலையத்துக்குச் சரக்கு விமானங்கள் வந்து இறங்குவதையும், அங்கிருந்து எல்லை கடந்து துரித ஆதரவுப் படைக்கு ஆயுதம் போவதாகக் கூறப்படுவதையும் ஆராய்ந்து, அக்குற்றச்சாட்டுகள் நம்பத்தகுந்தவை என்று குறிப்பிட்டது. தாங்கள் அனுப்புவது கள வைத்தியசாலைக்கான உதவிப் பொருட்களே என்பது அமீரகத்தின் பதில். அந்த மறுப்பை அது இன்றுவரை மாற்றவில்லை.

ஆனால் போர்க்களத்தில் கிடக்கும் இரும்புக்கு வாய் இருக்கிறது. அமீரகத்தில் செய்யப்பட்ட நிமிர் கவச வாகனங்கள் சூடானில் காணப்பட்டதையும், அவற்றின் மேல் பிரான்சில் தயாரான கலிக்ஸ் தற்காப்புக் கருவி பூட்டப்பட்டிருந்ததையும் சர்வதேச மன்னிப்புச் சபை 2024 நவம்பரில் படங்களுடன் வெளியிட்டது. 2025 மே மாதத்தில் அதே அமைப்பு, சீனத் தயாரிப்பான வழிகாட்டப்பட்ட குண்டுகளையும் ஏஎச்-4 ரகப் பீரங்கியையும் இனங்கண்டது. அந்தப் பீரங்கியைச் சீனாவிடமிருந்து வாங்கியதாக அறியப்பட்ட ஒரே நாடு அமீரகம் என்பதையும் அது சுட்டிக்காட்டியது. இதனிடையே கொலம்பியாவின் முன்னாள் படையினர் கூலிக்குப் போரிட டார்பூருக்குக் கொண்டுவரப்பட்ட செய்தியும் வெளிவந்தது. தென் அமெரிக்காவிலிருந்து ஆள் வந்து சண்டை பிடிக்கும் போரை உள்நாட்டுப் போர் என்றால் அந்தப் பிள்ளை எழும்பிக் கேட்கத்தானே செய்யும்.

அமீரகத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். 2015இலிருந்து யேமன் போருக்குத் தரைப்படை தேவைப்பட்டபோது ஆள் அனுப்பியவர்களில் ஹெமெட்டி முக்கியமானவர். உறவு அங்கே இறுகியது. 2017இல் டார்பூரின் ஜெபல் ஆமிர் தங்கச் சுரங்கம் அவரது கைக்கு வந்தபின் அவரிடம் பொன்னும் இருந்தது. செங்கடற் கரையில் அபு அமாமா என்ற இடத்தில் 600 கோடி டொலர் செலவில் துறைமுகம் அமைக்க அமீரக நிறுவனங்கள் 2022 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தன. 2024 நவம்பரில் சூடான் அதை இரத்துச் செய்தது. இவற்றோடு, இராணுவத்தின் பின்னால் முன்னாள் ஜனாதிபதி பஷீரின் காலத்து இஸ்லாமியவாதிகள் மீண்டும் தலையெடுப்பார்கள் என்ற அபுதாபியின் நெடுநாள் அச்சமும் இருக்கிறது.

இதைச் சூடான் சர்வதேச நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது. மேற்கு டார்பூரின் மசாலித் இனத்தவர்கள் கொல்லப்பட்டதில் அமீரகம் உடந்தை என்று இனவழிப்புச் சாசனத்தின் கீழ் 2025 மார்ச்சில் வழக்குத் தொடுத்தது. அந்த மாகாணத்தின் எல் ஜெனீனா நகரில் மட்டும் 2023இல் 10,000இற்கும் 15,000இற்கும் இடைப்பட்டோர் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது நான் முன்பு சொன்ன நிபுணர் குழுவின் மதிப்பீடு. மே 5ஆம் திகதி வழக்கு தள்ளுபடியானது. அமீரகம் அந்தச் சாசனத்தில் இணைந்தபோதே, தன்னை நீதிமன்றத்துக்கு இழுக்க வழிசெய்யும் 9ஆம் உறுப்புரை தனக்குப் பொருந்தாது என்று ஒதுக்கம் செய்திருந்தது. ஆகவே நியாயாதிக்கம் இல்லை. கொலை நடந்ததா, யார் உதவினார்கள் என்ற விடயத்துக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை. இது உங்கள் வகுப்புக்கு மிகவும் பயன்படும் உதாரணம் என்று நினைக்கிறேன், ஏனெனில் "நீதிமன்றம் அமீரகத்தை விடுவித்துவிட்டது" என்று பலர் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இனிச் சொல்லாட்சி. சட்டத்தில் இது இன்னும் "சர்வதேசத் தன்மையற்ற ஆயுத மோதல்" என்றே வகைப்படுத்தப்படுகிறது. வெளிநாடு ஆயுதம் கொடுப்பதால் மட்டும் அந்த வகை மாறிவிடாது; அந்தப் படையை வெளிநாடு தன் கட்டுப்பாட்டில் வைத்து நடத்துகிறது என்று காட்ட வேண்டும். ஆனால் 1986இல் நிக்கரகுவா வழக்கில் இதே சர்வதேச நீதிமன்றம் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிக்கரகுவா அரசாங்கத்தை எதிர்த்துப் போரிட்ட கொன்ட்ரா படைகளின் ஒவ்வொரு செயலும் அமெரிக்காவின் செயல் என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. இருந்தும், அப்படைகளுக்கு ஆயுதமும் பயிற்சியும் பணமும் கொடுத்ததே தலையிடாமைக் கோட்பாட்டை மீறிய குற்றம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே கரும்பலகையில் நீங்கள் எழுதியது பிழையன்று ரீச்சர். அதன் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, ஆயுதம் வரும் வழியையும் வரைந்தால் பாடம் முழுமையாகும்.


கரவெட்டியான் எழுதியது:

நெய்தல் தம்பி தங்கத்தை ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அதிலே கொஞ்சம் நின்று எழுத விரும்புகிறேன், ஏனெனில் பதினொரு வருடம் டுபாயில் கணக்காளனாக வேலை செய்தவன் நான். எங்கள் அலுவலகம் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பொன் உருக்கும் சிறிய பட்டறை ஒன்று இருந்தது. மதிய இடைவேளையில் தேநீர் குடிக்கப் போகும்போது கண்ணாடிக்குள்ளால் பார்ப்பேன். கறுத்து, மண் ஒட்டி, கையால் உருட்டிய சாணி வரட்டியைப் போல இருக்கும் கட்டிகள் துணிப்பையிலிருந்து வெளியே வரும். மூசையில் போட்டு அரை மணித்தியாலம் கழிந்தால் அவை மஞ்சள் பாளமாகிவிடும். அதன் பிறகு அது சூடானில் தோண்டியதா, மாலியில் தோண்டியதா, உகண்டாவிலிருந்து விமானத்தில் வந்ததா என்று எந்தப் பெரிய தட்டானாலும் சொல்ல முடியாது. பொன்னுக்குப் பிறந்த ஊர் அந்த அரை மணித்தியாலத்தோடு இல்லாமற்போய்விடுகிறது.

2011இல் தென் சூடான் பிரிந்தபோது எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு சூடானின் கையை விட்டுப் போனது. அதற்குப் பிறகு அந்த நாட்டுக்கு மிஞ்சிய பெரிய செல்வம் தங்கந்தான். இங்கே எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. துரித ஆதரவுப் படையின் பகுதிகளில் தோண்டப்படும் பொன் சாட், லிபியா வழியாகக் களவாக வெளியேறுகிறது; இராணுவத்தின் பகுதிகளில் தோண்டப்படும் பொன் பதிவோடு ஏற்றுமதியாகிறது. போய்ச் சேரும் சந்தையோ இரண்டுக்கும் பெரும்பாலும் டுபாய்தான். அமீரகம் எங்களைக் கொல்ல ஆயுதம் கொடுக்கிறது என்று நீதிமன்றத்தில் வழக்காடிய அதே அரசாங்கத்தின் பொன்னும் அங்கேயே விற்பனையானது. ஒரே சந்தைக்காரனிடம் இரு பகுதியும் விற்று, அந்தக் காசில் ஆளையாள் சுடுவதற்குச் சாமான் வாங்கினால் போர் எப்படி ஓயும்?

சென்ற ஆவணியில் என் மகளுக்குக் கலியாணம் நடந்தது. தாலிக்கொடி செய்யக் கொடுத்துவிட்டு ஆசாரியாரின் பட்டறையில் இருந்தபோது அந்தக் கீழ்த்தளத்துக் கட்டிகள் நினைவுக்கு வந்தன. கொண்டு வந்த பாளத்தில் டுபாய்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் முத்திரை இருந்தது. எந்த நிலத்தின் மண் அதில் உருகியிருக்கிறது என்று நான் ஆசாரியாரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் என்ன சொல்லியிருப்பார்?


தீவான் எழுதியது:

கரவெட்டி அண்ணரின் பதிவு மனத்தைப் பிடித்துவிட்டது. இருந்தாலும் இந்தத் திரி அமீரகத்தின் மேலேயே சுற்றிக்கொண்டு நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. வடலி ரீச்சர் இதை அப்படியே வகுப்பில் சொன்னால், இராணுவம் நாட்டைக் காக்கிறது, மற்றது அந்நியக் கூலிப்படை என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள்.

இராணுவத்தின் பின்னால் எகிப்து நிற்கிறது. போர் தொடங்கிய முதல் நாட்களிலேயே மெரோவே விமானத் தளத்தில் எகிப்தியப் படையினர் துரித ஆதரவுப் படையிடம் பிடிபட்டார்கள் என்பது அந்தத் தொடர்பு எவ்வளவு பழையது என்பதைக் காட்டுகிறது. எகிப்துக்கு நைல் நதி உயிர். எத்தியோப்பியா அணை கட்டியபின் கார்ட்டூமில் தனக்கு இணக்கமான இராணுவ ஆட்சி இருப்பது அதற்கு அவசியமாகிவிட்டது. ஈரானின் மொஹாஜர் ட்ரோன்களும் துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களும் இராணுவத்தின் கைக்கு வந்தன. ரஷ்யாவை எடுங்கள். தன் கூலிப்படையான வாக்னரின் காலத்தில் ஹெமெட்டியோடு பொன் வியாபாரம் செய்துவிட்டு, பிறகு செங்கடலில் கடற்படைத் தளம் கிடைக்கும் என்ற நோக்கில் இராணுவத்தின் பக்கம் சாய்ந்தது. பொதுமக்களைப் பாதுகாக்கவும் சண்டையை நிறுத்தவும் கோரி 2024 நவம்பர் 18ஆம் திகதி பாதுகாப்புச் சபையில் வந்த தீர்மானத்தைப் பதினான்கு நாடுகள் ஆதரித்தன; ரஷ்யா தன் வீட்டோ அதிகாரத்தைக் கொண்டு ஒற்றைக் கையால் தடுத்தது.

அந்த இராணுவம் என்ன செய்தது? 2024 டிசம்பரில் வட டார்பூரின் கப்காபியாவில் சந்தை கூடும் நாளில் குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2024இல் இரசாயன ஆயுதம் பயன்படுத்தியது என்று தீர்மானித்து அமெரிக்கா 2025இல் தடை விதித்தது. இராணுவம் அதை மறுக்கிறது. இன்னும் பின்னால் போனால், 2003இல் டார்பூர் மக்கள் மீது ஜஞ்சவீத் குதிரைப்படைகளை ஏவியதே கார்ட்டூம் அரசாங்கந்தான். அவற்றைத்தான் 2013இல் துரித ஆதரவுப் படை என்று பெயர் மாற்றி, சம்பளமும் சீருடையும் கொடுத்து வளர்த்தது. இன்று அந்தப் படையின் கொடுமையைச் சொல்லி உலகத்திடம் அழுவது அதைப் பெற்று வளர்த்த அதே இராணுவம்.

தலையீட்டைக் கேட்பதா விடுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு வயது போனவர்கள் எல்லோரும் 1987ஐ நினைத்துத்தான் பதில் சொல்வார்கள். ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்களிலிருந்து உணவுப் பொதி விழுந்தது. ஒக்டோபரில் அதே நாட்டின் அமைதிப் படையோடு யுத்தம் மூண்டது. டார்பூருக்கும் ஒரு கதை உண்டு. 2007இல் ஐ.நா.வும் ஆபிரிக்க ஒன்றியமும் சேர்ந்து அமைத்த யுனமிட் படைக்கு ஏறத்தாழ 26,000 பேர் வரை அனுமதிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய அமைதிப் படைகளில் ஒன்று. அதன் காலத்திலும் கிராமங்கள் எரிந்தன. 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அதன் பணி ஆணை முடிந்தது. இரண்டேகால் வருடத்தில் இந்தப் போர். ஆகவே "படை அனுப்புங்கள்" என்ற கோரிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை.


மாத்தளன் அலை எழுதியது:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று தீவான் அண்ணா எழுதியதை வாசித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எல் பாஷர் என்ற நகரத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. டார்பூரில் இராணுவத்திடம் எஞ்சியிருந்த கடைசிப் பெரிய நகரம் அது. 2024 மே மாதத்திலிருந்து துரித ஆதரவுப் படை அதை முற்றுகையிட்டது. அடுத்த வருடம் நகரைச் சுற்றி மண் அணை கட்டத் தொடங்கியது. யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம் செய்மதிப் படங்களில் அளந்து, 2025 ஓகஸ்ட் இறுதியில் 31 கிலோமீற்றர் நீளம் முடிந்துவிட்டது என்று அறிவித்தது. நான் அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் பெருப்பித்துப் பார்த்தேன். மெல்லிய பழுப்புக் கோடு. எனக்கு அந்தக் கோடு என்னவென்று விளங்க விளக்கக் குறிப்பு தேவைப்படவில்லை. மண் அணைக்கு உள்ளே இருப்பது என்னவென்று பதினொரு வயதிலேயே எனக்குத் தெரியும். அணை பகலில் பார்ப்பதற்கு உயரம் குறைந்ததுதான். இரவிலே ஏறிக் கடக்கும்போதுதான் அதன் உயரம் தெரியும்.

உள்ளே ஏறத்தாழ 2 இலட்சத்து 60 ஆயிரம் பேர் அகப்பட்டிருந்தார்கள். பாதிப் பேர் சிறுவர்கள். அவர்கள் "அம்பாஸ்" என்ற ஒன்றைத் தின்றார்கள். நிலக்கடலையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கை, மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுவது. எங்கள் சொல்லில் புண்ணாக்கு. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு மாடு நிற்கிறது. இந்தச் செய்தியைப் படித்த அன்று பின்னேரம் புண்ணாக்கை ஊறப்போட வாளியில் கை வைத்தபோது ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். நாக்கில் மரத்தூள் போல ஒட்டியது. காறலான ஒரு மணம். விழுங்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. அங்கே தண்ணீரும் தட்டுப்பாடு. பிறகு அம்பாசும் முடிந்துவிட்டது என்று படித்தேன்.

2025 ஒக்டோபர் 26ஆம் திகதி நகரம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து அங்கே இயங்கிக்கொண்டிருந்த சவூதி மகப்பேற்று வைத்தியசாலையில் நோயாளர்களும் துணைக்கு நின்றவர்களுமாக 460இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. கொன்றவர்கள் தாங்களே படம்பிடித்து இணையத்தில் போட்டார்கள். அந்த முற்றுகையை நிறுத்து என்று பாதுகாப்புச் சபை 2024 ஜூனிலேயே 2736ஆம் இலக்கத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. பதினாறு மாதம் அந்தக் கடதாசி இருந்தது.

தீவான் அண்ணா, படை அனுப்புவதில் நம்பிக்கை இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் அணைக்கு உள்ளே இருப்பவனுக்கு அந்த ஆராய்ச்சி இல்லை. வெளியே யாராவது வருவார்களா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். அவன் அப்படிப் பார்ப்பதைப் பிழை என்று சொல்லிவிடாதீர்கள். அவ்வளவுதான்.


தீவான் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்தபின் எனது கடைசி வரியைத் திரும்பப் பார்த்தேன். அந்த வரியில் அவசரம் இருக்கிறது. கேட்பவனை நான் பிழை சொல்லவில்லை. கேட்கப்படுபவர்கள் யார் என்பதுதான் என் பயம். 2025 செப்டெம்பர் 12ஆம் திகதி சமாதானத் திட்டம் ஒன்றை முன்வைத்த நால்வர் அணியைப் பாருங்கள். அமெரிக்கா, சவூதி அரேபியா, எகிப்து, அமீரகம். மூன்று மாத மனிதாபிமானப் போர்நிறுத்தம் வேண்டும் என்றும், வெளியிலிருந்து வரும் இராணுவ உதவி நிற்க வேண்டும் என்றும் அவர்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எகிப்தும் அமீரகமும் அந்த அறிக்கையைத் தங்களுக்கே எழுதிக்கொண்ட கடிதமாக எடுத்திருந்தால் எல் பாஷர் விழுந்திருக்காது. அறிக்கை வந்து ஆறு வாரத்தில் விழுந்தது.


வடலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாத்தளன் தம்பி, உங்கள் பதிவை நான் வகுப்பில் வாசித்துக் காட்டலாமா? பெயர் சொல்ல மாட்டேன்.

என் இரண்டாவது கேள்வியை நான் பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று இப்போது படுகிறது. தலையிடலாமா கூடாதா என்று கேட்பதற்கு முன்னரே தலையீடு நடந்து முடிந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் விமானம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. வராமல் இருப்பது மக்களைக் காக்க வேண்டிய தலையீடு மட்டுமே. பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

இன்னொரு விடயம். உயிர்களைக் காப்பாற்றுவதில் அங்கே மிகப் பெரிய வேலையைச் செய்பவர்கள் சூடானியர்களே என்பதையும் தேடிப் படித்தேன். "அவசரகால மறுமொழி அறைகள்" என்ற பெயரில் அயலிலுள்ள இளைஞர்கள் சேர்ந்து சமையற்கூடம் நடத்துகிறார்கள், காயக்காரரைத் தூக்குகிறார்கள், தண்ணீர் கொண்டுவருகிறார்கள். அறுவடைக்கும் வீடு கட்டவும் ஊரே கூடி வேலை செய்யும் "நஃபீர்" என்ற பழைய வழக்கம் அவர்களிடம் இருக்கிறது, அதிலிருந்து பிறந்ததாம். 2025இல் அவர்களுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது அவர்களுடைய சமையற்கூடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. ஆயுதம் கொடுப்பவர்கள் நிறுத்தவில்லை, அரிசிக்கும் பருப்புக்கும் காசு கொடுத்தவர்கள் நிறுத்தினார்கள்.

நெய்தல் தம்பியிடம் ஒரு கேள்வி. ஆயுதம் வரும் வழியை அடைக்கச் சட்டத்தில் ஏதாவது பிடி இருக்கிறதா, அல்லது எல்லாம் நீங்கள் சொன்ன 9ஆம் உறுப்புரை போலக் கைநழுவிப் போவதுதானா?


நெய்தல் எழுதியது:

பிடி இருக்கிறது ரீச்சர். இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, ஆயுதத் தடையின் எல்லை. நான் முதலில் குறிப்பிட்ட தடை டார்பூருக்கு மட்டுமே உரியது. டார்பூருக்கு வெளியே, செங்கடற் கரையிலுள்ள போர்ட் சூடானில் ஒரு ட்ரோனை இறக்கினால் அது தடைக்குள் வராது. அதே ட்ரோன் டார்பூருக்குப் பறந்து குண்டு போடும்போது மட்டும் மீறலாகும். 2004இலும் 2005இலும் போர் டார்பூரில் நடந்ததால் போட்ட எல்லை அது. இன்று போர் நாடு முழுவதிலும் நடக்கிறது. தடையைச் சூடான் முழுவதற்கும் விரிவுபடுத்த வேண்டும் என்றும், பொதுமக்களைக் காக்கச் சுயாதீனமான பக்கச்சார்பற்ற படையை அனுப்ப வேண்டும் என்றும் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் உண்மை கண்டறியும் குழு 2024 செப்டெம்பரில் பரிந்துரைத்தது. சூடான் அரசாங்கம் உடனே மறுத்தது. பாதுகாப்புச் சபையோ ஆண்டுதோறும் பழைய எல்லையோடே தடையைப் புதுப்பித்து வருகிறது. தீவான் அண்ணாவும் மாத்தளன் தம்பியும் வாதிட்ட இரண்டும் அந்த ஒரே பரிந்துரையில் அருகருகே இருக்கின்றன. படை வேண்டாம் என்பவர்கள் கூட முதல் பாதியைக் கேட்கலாம்.

இரண்டாவது பிடி சிறியது. என் பார்வையில் அதுதான் கூரானது. 2024 நவம்பரில் வட டார்பூரில் துரித ஆதரவுப் படைக்குச் சென்றுகொண்டிருந்த வாகனத் தொடரொன்று மறிக்கப்பட்டபோது அதில் மோட்டார் எறிகணைகள் இருந்தன. அவற்றின் அடையாள இலக்கங்கள் பல்கேரியாவைக் காட்டின. ஐ.நா. நிபுணர் குழு பல்கேரியாவிடம் கேட்டது. அவற்றை 2019இல் அமீரகத்துக்கு விற்றதாகவும், வேறு யாருக்கும் கொடுப்பதற்குத் தங்களிடம் அனுமதி கேட்கப்படவில்லை என்றும் பல்கேரியா பதிலளித்தது. ஆயுதம் வாங்கும் நாடு விற்கும் நாட்டுக்கு "இறுதிப் பயனர் சான்றிதழ்" என்று ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கிறது. இதை நானே வைத்திருப்பேன், உன்னைக் கேட்காமல் கைமாற்ற மாட்டேன் என்ற வாக்குறுதி அது. அந்த வாக்குறுதி மீறப்பட்டதாகத் தெரிந்தால் அடுத்த கப்பலை நிறுத்த விற்ற நாட்டுக்கு முழு உரிமை உண்டு. அதற்குப் பாதுகாப்புச் சபையும் தேவையில்லை, ரஷ்யாவின் கையும் தடுக்காது, 9ஆம் உறுப்புரையும் குறுக்கே வராது. கலிக்ஸ் விடயத்தில் பிரான்ஸ் செய்யலாம். ஐரோப்பாவின் ஆயுத ஏற்றுமதி விதிகளே அதைக் கேட்கின்றன. அந்த நாடுகளில் வாக்குரிமை உள்ள எங்கள் உறவுகள் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். பாரிசில், இலண்டனில், ஒஸ்லோவில். தங்கள் தொகுதி உறுப்பினரிடம் இந்த ஒரு பத்திரத்தைப் பற்றிக் கேட்க அவர்களுக்கு முடியும்.

உங்கள் மாணவி ட்ரோன் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டாள். எறிகணையின் பக்கவாட்டில் ஓர் இலக்கம் பொறித்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலை வரைக்கும் போகலாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.


மாத்தளன் அலை எழுதியது:

வாசியுங்கள் ரீச்சர். புண்ணாக்கு என்ற சொல்லை மட்டும் மாற்ற வேண்டாம்.